சின்னையாவின் இடது கட்டைவிரல்

குளிர்சாதன அறையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவன் எதைச் சொன்னாலும் நான் முதலில் நம்புவதில்லை. பிறகும் நம்புவதில்லை. லாரி ஓட்டின காலத்திலிருந்து இருக்கிற பழக்கம் இது. என் சிநேகிதன் சின்னையா அப்படியில்லை. அச்சடித்த தாள் எதுவானாலும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், அது கடைத்தெருவில் கொடுக்கிற விளம்பரத் தாளாக இருந்தாலும் சரி. அதனால்தான் அந்த மன்றத்துக்கு அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மன்றத்தின் பெயர், வடமாநில விளையாட்டு நினைவுப்பொருள் உண்மைத்தன்மை மதிப்பீட்டு உயர்மன்றம். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை படிக்கட்டை விட அகலம். விளையாட்டு வீரர்கள் கையெழுத்துப் போட்ட பந்து, சட்டை, மட்டை எதைக் கொண்டுபோனாலும் அது நிஜமா போலியா, நிஜமென்றால் எவ்வளவு நிஜம் என்று சொல்வார்கள். எவ்வளவு நிஜம் என்று நான் சொன்னதில் தப்பில்லை. அங்கே நிஜத்துக்குத் தரம் இருக்கிறது. முதல் தர நிஜம், இரண்டாம் தர நிஜம், தற்காலிக நிஜம்.

சின்னையாவிடம் ஒரு பந்து இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் பாகான் டாலாம் துறைமுகத் தொழிலாளர் அணி வடக்குத் துறைமுகக் கிண்ணத்தை ஜெயித்த பந்து. சின்னையாதான் கோல்கீப்பர். இறுதி ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஈப்போக்காரர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. இவன் பாய்ந்து தடுத்தான். பந்து நின்றுவிட்டது, வலது கைதான் நிற்கவில்லை. விரல் எலும்பு முறிந்து, நேராக ஆஸ்பத்திரி. கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அணி படம் எடுத்தபோது சின்னையா வார்டில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அதனால் படத்தில் பத்துப் பேர்தான். பேப்பரில் செய்தி வந்தது. அதில் 'கோல்கீப்பர்' என்று போட்டார்கள், பெயர் போடவில்லை.

மறுநாள் ஒன்பது கையெழுத்தோடு பந்தைப் பத்துப் பேரும் வார்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். கேப்டன் சற்குணம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பத்தாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு, இவனிடம் பேனாவை நீட்டினார். வலது கை மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. சற்குணம் யோசிக்கவே இல்லை. கணக்கெழுதுகிற வார்டு கிராணியின் மேசையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து வந்து, இவனுடைய இடது கட்டைவிரலைப் பிடித்து அதில் அமுக்கி, பந்தின் மேல் ஒரு குத்துக் குத்தினார். ஆகப் பத்துக் கையெழுத்து, ஒரு கட்டைவிரல். அந்தப் பதினொரு பேரில் இப்போது உயிரோடு இருப்பது சின்னையா ஒருவன்தான். அவன் அந்த அணியில் இருந்தான் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தக் கட்டைவிரல்.

துறைமுகத்தில் ஒரு பழைய கிடங்கைச் சுத்தம் செய்து விளையாட்டுக் காட்சியகமாக மாற்றுகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, சின்னையா என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"சுகு, நம்ம பந்த கேக்குறாங்கடா. கண்ணாடிக்குள்ள வைப்பாங்களாம். லைட்டு போடுவாங்களாம். கீழ பேரு எழுதி வைப்பாங்களாம்."

"சும்மா குடுக்க வேண்டியதுதானே?"

"அந்த மன்றத்துல நெசம்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வரணுமாம்."

"நெசமான பந்துக்கு எதுக்குடா சர்ட்டிபிகேட்டு?"

"அப்பிடிப் பேசாதடா. படிச்சவங்க. பதினோராவது பேரா என் பேரு வரும்டா. அது போதும் லா எனக்கு."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு நானும் சட்டையை மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பெரி ஏறி, கடலைத் தாண்டிப் போனோம். பந்து மீன் வாங்குகிற பாசார் பையில் இருந்தது. வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தான்.

மாடி ஏறினதும் வரவேற்பு மேசையில் ஐனா என்ற மலாய்க்காரப் பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, சிரித்த முகம், எங்களை மலாயில் 'பாக்சிக்', அதாவது மாமா, என்றுதான் கூப்பிட்டாள். சின்னையாவின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். சின்னையா பையிலிருந்து பந்தை எடுத்ததும் பதறிவிட்டாள்.

"பாக்சிக், தொடாதீங்க!"

"நான்தானேம்மா கொண்டாந்தேன்?"

"வாசல் வரைக்கும் நீங்க தொடலாம். உள்ள வந்துட்டா தொடக் கூடாது."

வெள்ளைக் கையுறை கொடுத்தாள், எனக்கும் சேர்த்து. நான் எதையும் தொடப் போவதில்லையே என்றேன். பார்க்கிறவர்களுக்கும் உண்டு என்றாள். பந்தை ஒரு வெல்வெட் தலையணையில் ஏற்றி, முன்னால் அவள் நடக்க, பின்னால் நாங்கள் கையுறை போட்ட கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தோம். கல்யாண வீட்டில் தாலித் தட்டுக்குப் பின்னால் இவ்வளவு அடக்கமாக நான் நடந்ததில்லை.

உள்ளே நீள மேசை. நடுவில் மன்றத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய கதிர்காமநாதன். நெற்றியில் திருநீறும் குங்குமமும், கழுத்தில் டை, மேசையில் நாலு பூதக்கண்ணாடி. பக்கத்தில் டாக்டர் நிலானி, கையெழுத்து நிபுணர். நாற்பது வயதிருக்கும். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, பந்தை மட்டும் பார்த்தார்.

டத்தோ எழுந்து நின்று பேசினார். நாலைந்து பேர் இருக்கிற அறையில் மைக் வைத்துக்கொண்டு பேசினார்.

"அன்பர்களே. இந்த நாட்டில் போலிகள் பெருகிவிட்டன. எது உண்மை என்று சாதாரண மக்களால் கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் பிறகு நாங்கள் எதற்கு? ஆகவே உண்மையை நாங்கள் மிகுந்த கட்டுப்பாட்டோடு வழங்கி வருகிறோம்."

சின்னையா கைதட்டினான். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

"எவ்ளோ வெள்ளி வெலைக்குப் போகும்ங்க இந்தப் பந்து?" என்று நான் கேட்டேன். எனக்கு அதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டத்தோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மதிப்பு வேறு, விலை வேறு. விலையைக் கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை. கேட்காதவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை."

முதல் சடங்கு மோப்பம். அதற்கு நுகர்வு அமர்வு என்று பெயர். விளக்கை அணைத்தார்கள். டத்தோ கண்ணை மூடிக்கொண்டு பந்தின் மேல் குனிந்து மூன்று தடவை மூச்சை இழுத்தார்.

"தோல்... வியர்வை... கடல் காற்று... கொஞ்சம் நெத்திலி."

"பை நெத்திலி வாங்கின பை லா, டத்தோ," என்றான் சின்னையா.

"துறைமுகச் சூழல் உறுதியாகிறது," என்றார் டத்தோ. நிலானி குறித்துக்கொண்டார்.

அடுத்தது படிமச் சோதனை. நிலானி பந்தின் தையல் மேல் நீல விளக்கைப் பிடித்தார். தையலுக்குள் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"டத்தோ, இங்க பாருங்க. ஆழமான செந்நிறப் படிமம். லேயர் லேயரா இருக்கு. பல வருஷமா சேர்ந்தது."

"மைதானத்துச் செம்மண்," என்றார் டத்தோ உடனே. "அந்தக் காலத்து மைதானம். இப்போது இந்த மண் கிடைப்பதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னையாவின் பெண்டாட்டி வடிவம்மாள் ஆயுத பூசைக்கு ஆயுத பூசை காருக்கும் அம்மிக்கும் பொட்டு வைக்கும்போது பந்துக்கும் வைப்பாள். நாற்பது வருஷத்துக் குங்குமம் அது. அதே குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அது பந்தில் இருந்தால் செம்மண்.

"அது குங்குமம்ங்க," என்றேன்.

"ஐயா, உணர்ச்சிகளை இங்கே கொண்டு வர வேண்டாம்," என்றார் டத்தோ. செம்மண் என்றே பதிவானது. அதற்காக ஒரு படி மதிப்புக் கூடியது.

பிறகு கையெழுத்துகள். இங்கேதான் எனக்கு நிபுணர்களின் வித்தை புரிந்தது. கையெழுத்து எவ்வளவு கோழிக் கிறுக்கலாக இருக்கிறதோ அவ்வளவு நிஜம். உண்மையான வீரனுக்கு அழகாக எழுத நேரமிருக்காதாம். ஒன்பது பேருடைய கிறுக்கலைப் பார்த்து நிலானி சந்தோஷப்பட்டார். கேப்டன் சற்குணத்தின் கையெழுத்து வந்ததும் முகம் சுருங்கியது. சற்குணம் துறைமுக ஆபீஸில் எழுத்து வேலை பார்த்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"இதுல பேரு வாசிக்க முடியுது," என்றார் நிலானி கவலையாக. "சந்தேகமா இருக்கு. அதோட எங்க கிட்ட சற்குணத்தோட மாதிரிக் கையெழுத்து இருநூறு இருக்கு. ஒரே கடைக்காரர் கிட்ட மொத்தமா வாங்கினது. இருநூறும் ஒண்ணு மாதிரி இருக்கு, இம்மியும் மாறல. இது மட்டும் வேற மாதிரி."

"இருநூறும் இம்மி மாறாம இருந்தா அது ரப்பர் ஸ்டாம்பும்மா," என்றேன்.

"பெரும்பான்மைன்னு ஒண்ணு இருக்குங்க, அங்கிள்."

"சற்குணம் எனக்கு முன்னாலதான் போட்டாரும்மா," என்றான் சின்னையா மெதுவாக.

டத்தோ கையை உயர்த்தினார். "ஒருவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தவருடைய சாட்சியத்தை மன்றம் ஏற்பதில்லை. பார்த்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டிருப்பார்கள். போடும்போது பார்க்காதவர்கள்தான் நடுநிலையாக இருக்க முடியும். நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை." சற்குணத்துக்குத் தற்காலிக நிஜம் கிடைத்தது.

கடைசியில் பூதக்கண்ணாடி கட்டைவிரலுக்கு வந்தது. சின்னையா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"இது என்ன கறை?" என்றார் டத்தோ.

"கறை இல்லீங்க. அது நானுங்க."

கதையை முழுசாகச் சொன்னான். பெனால்டி, ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, பத்துப் பேர் நின்ற படம், மைப்பெட்டி. சொல்லும்போதே வலது கையைத் தூக்கிக் காட்டினான், இன்னும் இரண்டு விரல் நேராக நீளாது. டத்தோ அதைப் பார்க்கவில்லை. ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார்.

"விதி பதினான்கு. பொருளைக் கொண்டு வந்தவரின் கைரேகை பொருளின் மேல் இருந்தால், அது கையாளல் அழுக்கு. துடைக்கப்பட வேண்டும். கொண்டு வந்தவர் நீங்கள். உங்கள் கைரேகை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். விஷயம் முடிந்தது."

"அவன் கோல்கீப்பருங்க!" என்று நான் எழுந்தேன். "பக்கத்துல விரல வச்சுப் பாருங்க லா. கண்ணாடிதான் நாலு வச்சிருக்கீங்களே."

"மன்றம் பொருளை மட்டுமே பார்க்கும். ஆளைப் பார்க்காது. ஆளைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும்."

"அப்ப கோலு பக்கம் யாரு நின்னா? பேய் நின்னுச்சா?"

டத்தோ பந்தைக் குனிந்து பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"நிலானி, இதைக் கவனித்தீர்களா? படத்தில் பத்துப் பேர். பந்தில் பத்துக் கையெழுத்து. அப்படியானால் இந்த அணி கோல்கீப்பரே இல்லாமல் கிண்ணத்தை வென்றிருக்கிறது!"

"ஓ மை காட், டத்தோ."

"உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தக் கறையை மட்டும் துடைத்துவிட்டால் முதல் தரம். காட்சியகத்தின் நடு மண்டபத்தில் வைக்கலாம். 'கோல்கீப்பர் இல்லாத வெற்றி.' நானே தலைப்பு எழுதுகிறேன்."

உட்கார்ந்த இடத்திலேயே சின்னையா சின்னதாகிப் போன மாதிரி இருந்தது. நான் அவன் காதில் சொன்னேன், "வாடா, பந்த எடுத்துக்கிட்டுப் போயிடலாம். இவனுங்க சர்ட்டிபிகேட்ட நெத்திலி மடிக்க வச்சுக்கட்டும்."

அவன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துடைக்கலேன்னா பந்த எடுத்துக்க மாட்டாங்கதானே?"

"எடுத்துக்கலேன்னா போகுது."

"மத்தவனுங்க பத்துப் பேரும் உள்ள போகணும்டா. சற்குணம் பொண்டாட்டி ஃபோனு போட்டுக் கேட்டுச்சு, எப்ப தொறக்குறாங்க, வீல்சேர் உள்ள போகுமான்னு. என் ஒருத்தன் பேருக்காக அத்தன பேரையும் மீன் பையில வீட்டுக்குக் கொண்டுட்டுப் போகச் சொல்றியா?"

"நீதான்டா அந்தப் பெனால்டிய புடிச்ச."

"புடிச்சது எனக்குத் தெரியும்ல," என்றான். பிறகு டத்தோவைப் பார்த்து, "துடைச்சுக்கங்க," என்றான்.

எனக்கு மேசையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது. பந்தோடு அந்த வெல்வெட் தலையணைதான் குறுக்கே கிடந்தது.

டத்தோ உருக்கமாகத் தலையாட்டினார். "இதுதான் தியாகம். ஆனால் துடைப்பதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். முறைப்படி வேண்டும். வாய்ச்சொல்லை மன்றம் ஏற்பதில்லை. ஐனா, கைரேகைக் கருவியைக் கொண்டு வாருங்கள்."

நான் வாய்விட்டே கேட்டேன். "கட்டைவிரல அழிக்கிறதுக்குக் கட்டைவிரல் வைக்கணுமா?"

"அது பந்தின் மேல் இருக்கிற விரல், ஐயா. இது சட்டத்தின் விரல்."

ஐனா கருவியைக் கொண்டு வந்தாள். பாங்கில், பாஸ்போர்ட் எடுக்கிற குடிநுழைவு ஆபீஸில் எல்லாம் வைத்திருப்பார்களே, அதே கருவி. அடையாள அட்டையைச் செருகிவிட்டு, விரலை வைத்தால் அட்டையும் ஆளும் ஒன்றுதான் என்று பச்சை விளக்கு எரியும். சின்னையா வலது கட்டைவிரலை வைத்தான். சிவப்பு. இடதை வைத்தான். சிவப்பு.

"பாக்சிக், சட்டையில தொடச்சுட்டு வைங்க."

துடைத்து வைத்தான். சிவப்பு.

"வாயால ஊதுங்க."

ஊதினான். சிவப்பு.

"தலைமுடியில தேய்ங்க, எண்ணெய் பிடிக்கும். எங்க தாத்தாவுக்கு அப்பிடித்தான் வரும்."

முடி இருக்கிற இடத்தைத் தேடித் தேய்த்தான். அதற்கும் சிவப்புதான். துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் கயிறு இழுத்தவன் விரலில் என்ன ரேகை மிச்சம் இருக்கும்? என் விரலும் அப்படித்தான். எங்கள் வயதுக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான், பாங்குக்குப் போனால் கருவிக்கு முன்னால் நின்று அரை மணி நேரம் விரலை ஊத வேண்டும்.

டத்தோ கதிர்காமநாதன் மெதுவாக எழுந்தார். சின்னையாவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"கருவி பொய் சொல்லாது. நீங்கள் சின்னையா இல்லை."

"என்னா?" என்றான் சின்னையா.

"உயிருள்ள கோல்கீப்பர் ஒருவர் இந்த அறைக்குள் வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு மோப்ப சக்தி உண்டு. நீங்கள் யாரோ ஒரு முதியவர். அவருடைய அட்டையோடு, அவருடைய பந்தோடு வந்திருக்கிறீர்கள். ஒருவருடைய அடையாள அட்டை இன்னொருவர் கையில் இருக்கிறதென்றால் என்ன அர்த்தம்? அவர் காலமாகிவிட்டார்."

சின்னையா தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சத்தியமாக, நாடி பார்த்தான்.

அப்போது நிலானி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார், "டத்தோ, ஒரு ப்ராப்ளம். இவர் சின்னையா இல்லன்னா, அந்த விரல் தன்னோடதுன்னு இவர் சொன்னதும் செல்லாது. அப்ப விதி பதினாலு வராது. அது கையாளல் அழுக்கு இல்ல."

"அப்படியானால் அது என்ன?"

"மை பழசு. அம்பது வருஷம் இருக்கும். மத்த கையெழுத்தோட சம காலம். படத்துல கோல்கீப்பர் இல்ல. பந்துல ஒரு விரல் மட்டும் கூடுதலா இருக்கு." நிலானி எழுந்து நின்றுவிட்டார். "டத்தோ, இது கோல்கீப்பரோட விரல்!"

டத்தோ பந்தின் முன்னால் அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது. பொய்யாக அல்ல. அந்த மனுஷர் நிஜமாகவே கண் கலங்கினார், அதுதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியவில்லை.

"மாவீரன் சின்னையா," என்றார். "கையெழுத்துப் போட மறுத்து விரலைப் பதித்த ஒரே வீரன். எவ்வளவு தன்னடக்கம்! முதல் தரத்துக்கும் மேலே. இதற்கு நாங்கள் புதிதாக ஒரு தரம் உண்டாக்க வேண்டும்."

"அப்ப கோல்கீப்பர் இல்லாத வெற்றி?" என்று நான் கேட்டேன்.

"அப்படி யார் சொன்னது?" என்றார் டத்தோ.

"ஆனா அந்தச் சின்னையா..." என்று ஆரம்பித்தேன். "அந்தச் சின்னையா இவன்தான்யா. இதோ ஒக்காந்திருக்கான். உங்களுக்கு..."

தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. வளைந்த விரலால் கிள்ளினால் இரண்டு மடங்கு வலிக்கும்.

"வாய மூடு, சுகு," என்றான் சின்னையா பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் இல்லன்னு சொல்லு."

"என்னாடா சொல்ற?"

"நான்னு சொன்னா திரும்பி அழுக்காயிடும்டா. புரியலயா? நான் இல்லன்னாதான் அது நான்."

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீங்களும் நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள்.

டத்தோ என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இவர் சின்னையாவா?"

ஐம்பது வருஷச் சிநேகிதம். ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம், ஒன்றாக அடி வாங்கியிருக்கிறோம், இவன் கல்யாணத்துக்கு லாரியில் வாழைமரம் ஏற்றி வந்தவன் நான். இவன் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சினான்.

"இல்லீங்க," என்றேன். "இவன யாருன்னே எனக்குத் தெரியாது. பெரியில பாத்தேன்."

"நன்றி," என்றார் டத்தோ. "உண்மை பேசுகிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்."

காலையிலிருந்து நான் சொன்ன உண்மை எதையுமே பூதக்கண்ணாடி இல்லாமல் பார்க்காத மன்றம், நான் சொன்ன ஒரே பொய்யைக் கையுறைகூடப் போடாமல் அப்படியே வாங்கிக்கொண்டது.

பந்து, உரிமையாளர் காலமாகிவிட்ட பொருள் என்று நேராகக் காட்சியகத்துக்குப் போனது. போலீஸில் சொல்ல வேண்டாமா, அடுத்தவர் அட்டையை வைத்திருக்கிறாரே என்று நிலானி கேட்டார். அட்டையில் விளையாட்டு வீரர் யாரும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அது நம் துறை இல்லை என்றார் டத்தோ. வாசலில் ஐனா அட்டையைச் சின்னையாவின் சட்டைப் பையில் வைத்தாள். யாரும் பார்க்காத மாதிரி மெதுவாகச் சொன்னாள், "பதிவு ஆபீஸுக்குப் போய் விரலைப் புதுசா எடுத்துக்கங்க, பாக்சிக். எங்க தாத்தாவையும் இந்தக் கருவி ரெண்டு தடவ இல்லன்னு சொல்லியிருக்கு."

திரும்பி வரும்போது பெரியில் சின்னையா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"உனக்கு வெக்கமா இல்ல? உசுரோட இருக்கிறவன செத்துட்டான்னு சொல்லிட்டானுங்க."

"விரல் உள்ள போயிருச்சுல்ல? நான் வெளிய இருந்தா என்னா?"

வடிவம்மாளிடம் அவன் இதைச் சொன்ன விதம் எனக்குத் தெரியாது. ஆனால் திறப்பு விழாவுக்குக் கூப்பிடப் போனபோது, அடுப்படியிலிருந்தே சத்தம் வந்தது.

"நான் வர மாட்டேண்ணே! பொட்டும் பூவும் வச்சுக்கிட்டு எம்புருஷனோட அஞ்சலிக் கூட்டத்துக்கு நானே போய் ஒக்காரணுமா? அந்த டத்தோவ இங்க வரச் சொல்லுங்க, ராத்திரி இந்த மனுஷன் விடுற கொறட்டைய வச்சு நெசமா போலியான்னு பாத்துட்டுப் போகட்டும்!"

நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். மாவீரன் சின்னையாவின் குடும்பத்தாருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி போட்டுத் துணி விரித்து வைத்திருந்தார்கள். அது காலியாக இருந்தது. சின்னையா அதில் உட்காரப் போனான். தொண்டர் ஒருவர், "மன்னிச்சுக்கங்கய்யா, இது ரிசர்வ்," என்று மூன்றாவது வரிசைக்கு அனுப்பினார். சற்குணத்தின் மனைவி வீல்சேரில் வந்திருந்தார். சின்னையாவைப் பார்த்து, "வந்துட்டியா தம்பி," என்றார். அவருக்கு அவனைச் சோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நடு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி. சுற்றிலும் விளக்கு. பந்து நெத்திலி வாசம் இல்லாமல் சுழல்மேடையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விரல் முன்பக்கம் வரும்போதெல்லாம் ஒரு விளக்கு தனியாக அதன் மேல் விழுந்தது. கீழே பதினொரு பெயர். பதினோராவது பெயர் மற்ற பத்தை விடப் பெரிய எழுத்தில். சின்னையா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தான். கண்ணாடி மேல் கை வைக்கப் போனான். காவல்காரர், "தொடாதீங்க, பாக்சிக்," என்றார். "சரி, சரி," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இதற்காகவே பிறந்தவன் மாதிரி சிரித்தான்.

டத்தோ மேடையேறினார்.

"கோல்கீப்பர் சின்னையாவை இந்த நாடு மறந்துவிட்டது. படத்தில் அவர் இல்லை. செய்தியில் அவர் பெயர் இல்லை. ஒரு மனிதரை இப்படியா கண்டுகொள்ளாமல் விடுவது? எங்கள் மன்றம்தான் அவரைக் கண்டுபிடித்தது. இன்று அவர் உயிரோடு இருந்து, இந்த வாசல் வழியாக உள்ளே வந்திருந்தால், முதல் பார்வையிலேயே அவரை அடையாளம் கண்டு, இந்தக் கைகளாலேயே மாலை போட்டிருப்பேன். எனக்குக் கிடைக்காத அந்த பாக்கியத்தை நினைத்து... எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று அமைதியாக இருப்போம்."

மண்டபம் முழுவதும் எழுந்தது. நாற்காலிகள் தேய்கிற சத்தம் அடங்கியது. டத்தோ தலையைக் குனிந்தார், நிலானி கண்ணைத் துடைத்தார், வீல்சேரில் இருந்த அம்மா மட்டும் திரும்பிச் சின்னையாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்குத் தாங்கவில்லை. உரக்கச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

சின்னையா முழங்கையால் என்னை இடித்தான். தலையைக் குனிந்து, கைகளை நேராக விட்டு, அந்த மண்டபத்திலேயே மிகவும் பக்தியாக நின்றுகொண்டிருந்தவன் அவன்தான்.

"ஷ்... எனக்காகத்தான்டா நிக்கிறாங்க," என்றான். "கொஞ்ச நேரம் ஆடாம நில்லு."